செத்துப்போன செடிகளின் நோட்டு

எங்கள் வீட்டு அலமாரியில் நாற்பது பக்க நோட்டு ஒன்று இருக்கிறது. செடியின் பெயர், வந்த நாள், போன நாள், காரணம் என நான்கு பத்திகளாகக் கோடு போட்டு வைத்திருக்கிறேன். செடி வளர்க்கத் தொடங்கிய முதல் ஆண்டில் காரணப் பத்தியில் நான் எழுதியவை: ‘வெயில்’, ‘பூச்சி’, ‘மண் சரியில்லை’, ‘தெரியவில்லை’. இப்போது ஐந்தாம் ஆண்டு. பழைய பக்கங்களைப் புரட்டி, முதலில் போன 17 செடிகளில் 11 செடிகளுக்கு எதிரே சிவப்பு மையில் ஒரே சொல்லை எழுதித் திருத்தியிருக்கிறேன்: ‘தண்ணீர்’. ஊற்ற மறந்து போனவை அல்ல அவை. ஊற்றி ஊற்றியே நான் கொன்றவை.

இருப்பது மூன்றாம் மாடியில். பால்கனியின் நீளம் 3 மீட்டர், அகலம் ஒரு மீட்டருக்குச் சற்று அதிகம். அத்துடன் படுக்கையறை ஜன்னல் ஒன்று, கூடத்தில் ஒரு மூலை. என் தோட்டம் மொத்தமும் இவ்வளவுதான்.

தொடக்கத்தில் தினமும் காலை ஏழு மணிக்கு எல்லாத் தொட்டிக்கும் ஒரு குவளை தண்ணீர் என்று கணக்கு வைத்திருந்தேன். பல் துலக்குவதுபோல அதுவும் ஒரு கடமை. மேகம் மூடிய நாளிலும் அதே குவளை, கொளுத்தும் நாளிலும் அதே குவளை. முழங்கால் உயரத் தக்காளிக்கும் அதுதான், விரல் அளவு நாற்றுக்கும் அதுதான். இரண்டு வாரத்தில் தக்காளியின் அடி இலைகள் மஞ்சளாகின. பிறகு செடி தலை சாய்ந்தது. ஐயோ, வாடுகிறதே என்று மாலையிலும் ஒரு குவளை சேர்த்தேன். நான்கே நாளில் கதை முடிந்தது. தொட்டியைக் கவிழ்த்தபோது அழுகிய முட்டை வாடை அடித்தது. வெள்ளையாக இருக்க வேண்டிய வேர்கள் பழுப்பேறிக் கொழகொழவென்று கிடந்தன. இழுத்தால் மேல்தோல் உருவிக்கொண்டு வந்தது, உள்ளே இருந்த நூல் மட்டும் மிஞ்சியது.

வேருக்கும் மூச்சு வேண்டும் என்பதை அந்த வாடையில்தான் கற்றேன். மண் துகள்களுக்கு நடுவே இருக்கும் சந்துகளில் காற்று உலவுகிறது. அந்தச் சந்துகளில் எல்லாம் தண்ணீர் தேங்கிவிட்டால் வேருக்கு ஆக்சிஜன் கிடைக்காது. மூச்சு முட்டிய வேரால் தண்ணீரை உறிஞ்ச முடியாது. ஆகவே தண்ணீரில் நிற்கும் செடியும் தாகத்தில் தவிக்கும் செடியைப் போலவே வாடும். இலையைப் பார்த்து நோயைச் சொல்ல முடியாத இடம் இது. வாடிய செடியைக் கண்டதும் பூவாளியை எடுக்கும் கைதான் முதலில் கட்டிப்போட வேண்டியது.

இப்போது நான் செய்வது எளிது. தொட்டியைத் தூக்கிப் பார்க்கிறேன். நன்றாகத் தண்ணீர் விட்டு, அடித்துளை வழியாக வடிந்த பிறகு ஒருமுறை தூக்கிப் பாருங்கள்; அதே தொட்டியை நான்கைந்து நாள் கழித்து மறுபடியும் தூக்கிப் பாருங்கள். ஒரு லிட்டர் தண்ணீரின் எடை ஒரு கிலோ, எனவே வித்தியாசம் கைக்கு நிச்சயம் தெரியும். ஒரு மாதத்தில் கை பழகிவிடும். தூக்க முடியாத பெரிய தொட்டி என்றால் விரலை இரண்டு கணு ஆழத்துக்கு விட்டுப் பார்ப்பேன். மேல் மண் காய்ந்திருப்பது எதையும் சொல்லாது. அது காலையில் நனைந்து மதியம் காய்ந்துவிடும். உள்ளே ஈரம் இருந்தால் அன்று தண்ணீர் கிடையாது. இல்லையென்றால் அரைக் குவளை, கால் குவளை என்று தெளிக்காமல், துளை வழியாக வெளியே வரும்வரை முழுதாக ஊற்றுவேன். தட்டில் தேங்குவதை அரை மணி நேரத்தில் கொட்டிவிட வேண்டும்.

இந்த வெளியே வரும் தண்ணீர்தான் கீழ்வீட்டு அக்காவுக்கும் எனக்கும் மனக்கசப்பை உண்டாக்கியது. அவர் காயப்போட்டிருந்த வெள்ளைப் புடவையில் என் மண்புழு உரத் தண்ணீர் சொட்டிவிட்டது. இரண்டு மாதம் அவர் என்னிடம் பேசவில்லை. மாடியில் செடி வைப்பவர்கள் விதைக்கு முன்னால் ஆழமான தட்டு வாங்குங்கள்.

தட்டுக்கு அடுத்து, துளை. அழகான பீங்கான் தொட்டிகள் பலவற்றுக்கு அடியில் துளையே இருக்காது. ‘அடியில் கூழாங்கல் பரப்பினால் போதும், தண்ணீர் வடிந்துவிடும்’ என்று பலரும் சொன்னார்கள், நானும் பரப்பினேன். அது பயன்படாது என்பதை ஒரு பஞ்சை வைத்து நீங்களே பார்க்கலாம். பாத்திரம் தேய்க்கும் நீளமான புதுப் பஞ்சை முழுக்க நனைத்துப் படுக்கைவாக்கில் பிடியுங்கள். சொட்டுவது நின்ற பிறகு அதை நெட்டுக்குத்தாக நிறுத்துங்கள். மறுபடியும் சொட்டும். பஞ்சின் அடியில் ஓரளவு உயரத்துக்குத் தண்ணீர் எப்போதும் தங்கித்தான் இருக்கும். உயரம் கூடினால்தான் மேற்பகுதி வடியும். தொட்டி மண்ணும் அந்தப் பஞ்சுதான். கூழாங்கல் பரப்பினால் அந்த ஈர அடுக்கு கல்லுக்கு மேலே ஏறி, வேருக்கு இன்னும் பக்கத்தில் வந்து உட்கார்ந்துகொள்கிறது. துளையிடுங்கள், அல்லது துளையுள்ள பிளாஸ்டிக் தொட்டியில் செடியை வைத்து அதைப் பீங்கானுக்குள் இறக்குங்கள்.

மண் பற்றியும் எனக்கு ஒரு மூடநம்பிக்கை இருந்தது. நிலத்து மண்தான் ‘உண்மையான’ மண் என்று நினைத்து மூட்டை மூட்டையாகச் சுமந்தேன். நிலத்தில் மண்புழுவும் வேர்களும் மண்ணைக் கிளறிக்கொண்டே இருக்கின்றன. தொட்டிக்குள் அதே மண் சில மாதத்தில் செங்கல்லாக இறுகிவிடுகிறது. எடை வேறு. ஈரமான நிலத்து மண் நிறைந்த 20 லிட்டர் தொட்டி 30 கிலோவைத் தாண்டும். அப்படிப் பத்துத் தொட்டிகளைக் கைப்பிடிச் சுவர் ஓரமாக அடுக்கிவிட்டு, பால்கனி எவ்வளவு தாங்கும் என்று நான் ஒருவரையும் கேட்கவில்லை. இப்போது கனமானவை எல்லாம் உள்சுவரை ஒட்டி நிற்கின்றன. விளிம்பில் கீரைத் தொட்டிகள் மட்டும். பழைய கட்டடம் என்றால் விவரம் தெரிந்தவரிடம் கேட்டுவிட்டுத் தொடங்குவது நல்லது.

என் கலவை இப்போது தேங்காய் நார்க்கழிவு இரண்டு பங்கு, நன்கு மக்கிய உரம் ஒரு பங்கு, பெர்லைட் (வெள்ளையான, இலேசான எரிமலைக் கல் துகள்) அல்லது பருமணல் ஒரு பங்கு. நார்க்கழிவில் உப்பு இருக்கக்கூடும் என்பதால் இரண்டு மூன்று முறை அலசிப் பிழிந்துதான் சேர்ப்பேன். அதில் சத்து ஏறக்குறைய இல்லை என்பதால், காய்க்கும் செடிகளுக்கு இரண்டு வாரத்துக்கு ஒருமுறை ஏதாவது உரம் கொடுத்தே ஆக வேண்டும். எத்தனை பேர் எத்தனை விகிதம் சொன்னாலும் பரவாயில்லை. கையில் அள்ளிப் பிடித்தால் உருண்டையாக வர வேண்டும், விரலால் தட்டினால் உதிர வேண்டும். எனக்கு அந்தச் சோதனை போதும்.

தண்ணீருக்கு அடுத்தபடியாக என் நோட்டில் அதிகம் இருக்கும் சிவப்புச் சொல் ‘வெளிச்சம்’. இதில் நம்மை ஏமாற்றுவது நம் கண்ணேதான். வெளிச்சம் குறைந்தால் கண்மணி விரிந்து சரிக்கட்டிக்கொள்வதால், கூடத்து மூலையும் ஜன்னல் ஓரமும் நமக்கு ஏறக்குறைய ஒன்றுபோலத் தெரிகின்றன. செடிக்கு அப்படி இல்லை. கைப்பேசியில் வெளிச்சம் அளக்கும் செயலி ஒன்றை இறக்கி ஒரு நண்பகலில் அளந்தேன். துல்லியமான கருவி அல்ல, ஆனால் ஒப்பிட்டுப் பார்க்கப் போதும். திறந்தவெளியில் நேர் வெயில் ஒரு லட்சம் லக்ஸை (வெளிச்சத்தை அளக்கும் அலகு) ஒட்டி வந்தது. ஜன்னலை ஒட்டி 2,000. அங்கிருந்து இரண்டு மீட்டர் தள்ளி, ‘நல்ல வெளிச்சம்’ என்று நான் நம்பிப் புத்தகம் படிக்கும் இடத்தில் 240. அந்த இடத்தில்தான் முதல் ஆண்டில் மிளகாய் நாற்று வைத்திருந்தேன். அது ஜன்னலை நோக்கிக் கழுத்தை நீட்டி நீட்டி, நூலாக மெலிந்து, ஒருநாள் தன் எடையே தாங்காமல் மடங்கிவிட்டது. நோட்டில் அதற்கு ‘விதை சரியில்லை’ என்று எழுதியிருக்கிறேன். பாவம் அந்த விதை.

பிறகு பால்கனியைக் காகிதத்தில் வரைந்து, ஒரு விடுமுறை நாளில் மணிக்கு ஒருமுறை வெயில் விழும் இடத்தைப் பென்சிலால் குறித்தேன். ஆறு மாதம் கழித்து இன்னொரு நாள் குறித்தபோது படம் அடையாளமே தெரியவில்லை. சூரியன் நகர்ந்திருந்தது, எதிர்க்கட்டடத்தின் நிழல் பாதி இடத்தைப் பிடித்திருந்தது. அந்த இரண்டு படங்களைப் போல எனக்கு உதவியது வேறில்லை. ஐந்து மணி நேரத்துக்கு மேல் வெயில் படுவது ஒரே ஒரு மூலை. காய்க்க வேண்டிய தக்காளிக்கும் மிளகாய்க்கும் அதுதான். ஆறு முதல் எட்டு மணி நேரம் கிடைத்தால் இன்னும் நன்றாகக் காய்க்கும், எனக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. மூன்று நான்கு மணி நேரம் படும் இடம் கீரைக்கும் புதினாவுக்கும் கொத்தமல்லிக்கும். இலையைத் தின்னப்போகிறோம் என்றால் குறைந்த வெயில் போதும். காயைத் தின்னப்போகிறோம் என்றால் வெயிலில் கஞ்சத்தனம் செல்லாது. ஆசைப்பட்ட செடிக்கு இடம் தேடுவதை நிறுத்திவிட்டு, இருக்கிற இடத்துக்குச் செடி தேடத் தொடங்கிய பிறகுதான் நோட்டில் பக்கங்கள் மெதுவாக நிரம்பின.

ஆனாலும் தக்காளியை விட மனம் வரவில்லை. சிறு பழத் தக்காளி ஒன்றை 20 லிட்டர் தொட்டியில் வைத்தேன். பூத்துக் குலுங்கியது, பூவெல்லாம் கொட்டியது. வெப்பம் பகலில் 32 டிகிரி செல்சியஸை ஒட்டியோ அதற்கு மேலோ நீடித்தால், இரவும் புழுக்கமாக இருந்தால், தக்காளியின் மகரந்தம் சரியாக வேலை செய்யாது. அதற்கு நான் செய்யக்கூடியது குறைவு, மதிய வெயிலுக்கு ஒரு நிழல் வலை கட்டலாம், அவ்வளவுதான். ஆனால் இன்னொரு காரணம் என் கையில் இருந்தது. தக்காளிப் பூ தனக்குள்ளேயே மகரந்தச் சேர்க்கை செய்துகொள்ளும். அதற்கு ஒரு அசைவு வேண்டும், காற்றோ வண்டின் ரீங்காரமோ. மூன்று பக்கமும் சுவர் சூழ்ந்த என் பால்கனியில் இரண்டும் இல்லை. மின்சாரப் பல்துலக்கியின் பின்புறத்தைப் பூங்கொத்தின் காம்பில் சில விநாடி வைத்து அதிரச் செய்தேன். வீட்டில் எல்லாரும் சிரித்தார்கள். பத்து நாளில் மிளகு அளவுக் காய்கள் வந்தபோது சிரிப்பு நின்றது.

அடுத்து, பெரிய பழத் தக்காளி ஒன்றில் காயின் அடிப்பக்கம் கறுத்துக் குழிந்தது. சுண்ணாம்புச் சத்துக் குறைவு என்று கேள்விப்பட்டதும் முட்டை ஓடுகளை நொறுக்கிப் போட்டேன். பயன் இல்லை. முட்டை ஓடு மண்ணில் கரைய மிக நீண்ட காலம் ஆகும் என்பது ஒரு பக்கம். பெரும்பாலும் மண்ணில் கால்சியம் இருக்கத்தான் செய்கிறது, அதைக் காய்வரை கொண்டுபோய்ச் சேர்க்கும் தண்ணீர் சீராக இல்லாததுதான் கோளாறு. நான்தான் மூன்று நாள் காயவிட்டு நான்காம் நாள் வெள்ளம் பாய்ச்சிக்கொண்டிருந்தேன். அளவுக்கு மேல் ஊற்றிய பாவத்துக்குப் பயந்து, எதிர்த்திசையில் ஓடியிருந்தேன். மண்மேல் காய்ந்த இலைகளை இரண்டு விரல் தடிமனுக்குப் பரப்பி, ஈரம் ஒரேயடியாக ஏறி இறங்காமல் பார்த்துக்கொண்ட பிறகு வந்த காய்கள் சுத்தமாக இருந்தன.

அந்தப் பருவத்தில் சிறு பழச் செடி கொடுத்தது 63 பழங்கள். எண்ணினேன், வெட்கமில்லாமல். செலவோடு ஒப்பிட்டுப் பார்க்கவில்லை. பார்த்தால் தூக்கம் போய்விடும். பணம் மிச்சமாகும் என்று நம்பித் தக்காளியில் இறங்குபவர்களுக்கு என்னிடம் சொல்ல ஒன்றும் இல்லை. கீரை வேறு. 15 சென்டிமீட்டர் ஆழமுள்ள அகலத் தட்டில் விதைத்து, மூன்று நான்கு வாரத்தில் அடியில் இரண்டு விரல் விட்டுக் கத்தரித்தால் மறுபடியும் தழைக்கும். இரண்டு வாரம் இடைவெளி விட்டு மூன்று தட்டில் விதைத்தால், வீட்டில் எப்போதும் ஒரு தட்டு தயாராக இருக்கும். சமைக்க வாங்கிய புதினாவின் தண்டை அடி இலைகளைக் கிள்ளிவிட்டுத் தண்ணீரில் நிறுத்தினால் ஒரு வாரம் பத்து நாளில் வேர் விடும். புதினாவுக்குத் தனித் தொட்டி கொடுங்கள், அது பக்கத்தில் யாரையும் வாழவிடாது. கொத்தமல்லி விதை என்று நாம் சொல்லும் உருண்டை உண்மையில் இரண்டு விதைகள் சேர்ந்த காய். உள்ளங்கையால் மெல்லத் தேய்த்து இரண்டாகப் பிளந்து விதைக்க வேண்டும். நாற்றைப் பிடுங்கி நடுவது அதற்குப் பிடிக்காது, விதைத்த இடத்திலேயே விட்டுவிடுங்கள்.

வீட்டுக்குள் வைக்கும் செடிகளுக்கு வருகிறேன். ‘காற்றைச் சுத்தம் செய்யும்’ என்ற சீட்டோடு வந்த ஒன்றை நம்பித்தான் நானும் தொடங்கினேன். அந்த நம்பிக்கையின் வேர் 1989-இல் நாசா வெளியிட்ட ஆய்வு. மூடிய சிறு பெட்டிகளுக்குள் செடிகளை வைத்து அதைச் செய்தார்கள். நம் வீட்டில் கதவும் ஜன்னலும் இருக்கின்றன. அப்படிப்பட்ட பல ஆய்வுகளை 2019-இல் மீண்டும் கணக்கிட்டுப் பார்த்தவர்கள், சாதாரணக் காற்றோட்டம் செய்யும் வேலையைச் செடிகள் செய்ய வேண்டுமென்றால் ஒரு சதுர மீட்டருக்கு 10 முதல் 1,000 செடிகள் வேண்டும் என்றார்கள். என் கூடத்தில் நடக்கவே இடம் இருக்காது. ஜன்னலைத் திறந்துவிட்டுச் செடியை அதன் அழகுக்காக வைத்துக்கொள்கிறேன்.

மங்கலான மூலையைப் பொறுத்துக்கொள்பவை மணி பிளான்ட்டும் ஸ்நேக் பிளான்ட்டும். பொறுத்துக்கொள்ளும் என்றுதான் சொன்னேன், விரும்பும் என்று சொல்லவில்லை. ஜன்னலுக்கு அருகே நகர்த்திப் பாருங்கள், புது இலையின் அளவே சொல்லும். ஸ்நேக் பிளான்ட் தடித்த இலையில் தண்ணீரைச் சேர்த்து வைப்பது. அதற்கு வாரம் ஒருமுறை ஊற்றி, மூன்றே மாதத்தில் அடியோடு கூழாக்கிய சாதனையும் என் நோட்டில் பதிவாகியிருக்கிறது. பீஸ் லில்லி நேர்மாறு: தாகம் எடுத்தால் மயங்கி விழுந்து நாடகம் ஆடும், தண்ணீர் விட்டால் சில மணி நேரத்தில் எழுந்து நிற்கும். மறதிக்காரர்களுக்கு ஏற்ற செடி. ஆனால் மணி பிளான்ட், பீஸ் லில்லி, டிஃபன்பேக்கியா மூன்றின் இலையிலும் கண்ணுக்குத் தெரியாத ஊசிபோன்ற கால்சியம் ஆக்சலேட் படிகங்கள் இருக்கின்றன. கடித்தால் வாயும் தொண்டையும் எரிந்து வீங்கும். தங்கையின் ஒன்றரை வயது மகன் வரும் நாட்களில் அவை அலமாரியின் உச்சிக்குப் போய்விடும். பூனை வளர்ப்பவர்களுக்கு உச்சியும் போதாது.

பூச்சிகள் பற்றி நீளமாகச் சொல்ல எனக்குப் பொறுமை இல்லை. எனக்கு வந்த பெரிய தொல்லை மாவுப்பூச்சி. பரிசாக வந்த ஒரு செடியோடு நுழைந்து ஏழு செடிகளுக்குப் பரவியது. அதிலிருந்து எந்தப் புதுச் செடியும் இரண்டு வாரம் குளியலறை ஜன்னலில் தனிமைவாசம் இருந்துதான் உள்ளே வருகிறது. தினமும் இலையின் அடிப்புறத்தைப் பார்ப்பேன், ஏனென்றால் எல்லாமே அங்குதான் ஒளிந்திருக்கும். மாவுப்பூச்சி பத்துப் பதினைந்து என்றால் மருந்துக் கடையில் கிடைக்கும் ஸ்பிரிட்டில் நனைத்த பஞ்சுக்குச்சியால் தொட்டு எடுத்துவிடலாம். அதிகம் என்றால் ஒரு லிட்டர் தண்ணீருக்கு வேப்பெண்ணெய் 5 மில்லி, அதைக் கரைக்கச் சில சொட்டு மென்மையான திரவ சோப்பு. மாலையில் மட்டும் தெளிக்க வேண்டும். வெயிலில் தெளித்தால் இலை கருகும். முதலில் ஒரே ஒரு இலையில் தெளித்து ஒருநாள் காத்திருங்கள். எறும்புகள் தண்டில் சாரிசாரியாக ஏறினால் மேலே அசுவினி என்ற சாறுறிஞ்சும் சிறு பூச்சியையோ மாவுப்பூச்சியையோ தேடுங்கள். அவை கசியவிடும் தேன்போன்ற இனிப்பு நீருக்காக எறும்பு காவல் காக்கிறது. முகத்தைச் சுற்றிப் பறக்கும் குட்டிக் கறுப்பு ஈக்கள் வந்தால் மருந்தே வேண்டாம், மேல் மண்ணைக் காயவிடுங்கள். அவற்றின் புழுக்கள் ஈரமண்ணில்தான் வாழ்கின்றன. ஆம், அங்கும் தண்ணீர்தான் குற்றவாளி.

போன மாதம் பத்து நாள் வெளியூர் போக வேண்டியிருந்தது. முன்பொருமுறை இப்படிப் போனபோது ஒரு தோழி அன்போடு தினமும் ஊற்றி மூன்று செடிகளை முடித்துவைத்திருந்தார். இம்முறை வாளியில் தண்ணீர் வைத்து, பருத்திக் கயிற்றின் ஒரு முனையை அதில் போட்டு, மறுமுனையைத் தக்காளித் தொட்டி மண்ணுக்குள் ஆழமாகப் புதைத்தேன். இரண்டு நாள் முன்னாலேயே செய்து ஈரம் ஏறுகிறதா என்று பார்த்துக்கொண்டேன். வீட்டுக்குள் இருந்தவற்றை ஜன்னலிலிருந்து கொஞ்சம் உள்ளே தள்ளி வைத்தேன். மீதிக்குக் கீழ்வீட்டு அக்காவிடம் சாவியைக் கொடுத்தேன். தட்டுகள் வாங்கிய பிறகு பேச்சுவார்த்தை திரும்பியிருந்தது. என் புதினாவின் ஒரு கிளை அவர் வீட்டு ஜன்னலில் இப்போது காடாகியிருக்கிறது.

நான்காம் நாள் தொலைபேசியில் அழைத்தார். குரலில் பதற்றம்.

“என்னம்மா, உன் மிளகாய்ச் செடி வாடிக் கிடக்கிறதே. ஒரு வாளி ஊற்றிவிடட்டுமா?”

“தொட்டியைத் தூக்கிப் பாருங்கள், அக்கா.”

தொலைபேசியை எங்கோ வைக்கும் சத்தம். சிறிது நேரம் ஒன்றும் கேட்கவில்லை. பிறகு மூச்சு வாங்கியபடி வந்தார்.

“கனமாகத்தான் இருக்கிறது.”

“மணி என்ன அங்கே?”

“இரண்டு. வெயில் மண்டையைப் பிளக்கிறது.”

“சாயங்காலம் ஆறு மணிக்கு ஒருமுறை எட்டிப் பாருங்கள். நிமிரவில்லை என்றால் கூப்பிடுங்கள்.”

ஆறு மணிக்கு அழைப்பு வரவில்லை. ஏழு மணிக்கு நானே அழைத்தேன். செடியைப் பற்றிக் கேட்பதற்குள் அவர், புதினாவில் பூ வைத்திருக்கிறது, கிள்ள வேண்டுமா, விட வேண்டுமா என்று கேட்கத் தொடங்கிவிட்டார்.